நால்வர் சேர்ந்து அமுக்கிய சிக்னல்

நடைமுறைகளை எழுதுகிறவன் அவற்றைப் படிப்பதில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இதைக் கற்றேன். ஓய்வுபெற்ற பின் பம்மலில் நிரூபித்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், தனசேகர் என்பவரின் சின்னப் பட்டறையில் ஆலோசகராக இருந்தேன். (ஆலோசகர் என்றால் டீ முதலில் வரும்.) நான்கு சிப்கள் கொண்ட ரேடியோ கருவி ஒன்றைச் செய்தோம். நான்கும் ஒரே கணத்தில் தொடங்கினால் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி சிக்னல் ஓங்கி நிற்கும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று கவிழ்த்துவிடும். அதற்குப் பதினோரு படிகளில் நடைமுறை எழுதினேன். எட்டாவது படி: தொடங்கும் துடிப்பு ஒரே பட்டனிலிருந்து போக வேண்டும். வயரிங் செய்த கலா அப்படியே செய்தாள். ஒவ்வொரு சோதனையிலும் வென்றோம்.

கருவியை வாங்குபவர்கள் பார்க்க வரும் நாள். ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட வேண்டியதுதான். காலையில் தனசேகர் கவலையோடு வந்தார்.

“சார், வர்றது நாலு பேரு. பட்டன் ஒண்ணுதான் கீது. ஒருத்தரை அமுக்கச் சொன்னா மத்த மூணு பேரும் மூஞ்சைத் தூக்கிக்குவாங்க.”

எத்தனை திறப்பு விழாக்களை நடத்தியவன் நான்! குத்துவிளக்கில் ஆளுக்கொரு திரி ஏற்றுவதில்லையா? சிப்புக்கொரு பட்டன் வைக்கச் சொன்னேன்.

“சார், எட்டாவது ஸ்டெப்புல ஒரே பட்டன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?” என்றாள் கலா.

“அது மெஷினுக்கும்மா. இது மனுஷங்களுக்கு. நான் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்றேன், சேர்ந்து அமுக்குவாங்க.”

சிப்களுக்குத் தேவையான துல்லியம், ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. வந்த நால்வரில் பெரியவர், நான் ‘ரெண்டு’ என்றதுமே அமுக்கினார். இரண்டாமவர் ‘மூணு’ என்று தானும் சொல்லிவிட்டு அமுக்கினார். மூன்றாமவர் செல்போனில் யாரிடமோ பேசியபடி இடது கையால் அமுக்கினார். நான்காமவர் என்னைப் பார்த்து, “அமுக்கலாமா?” என்றார்.

ஓங்கி நிற்க வேண்டிய சிக்னல் திரையில் பாய் விரித்துப் படுத்திருந்தது. தனசேகர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கலா நான்கு வயர்களையும் பிடுங்கி ஒரே பட்டனில் சேர்த்தாள். எல்லாவற்றையும் அணைத்து, மறுபடி போட்டு, ஒரு தடவை அமுக்கினாள். சிக்னல் எழுந்து நின்றது.

ஆர்டர் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: கருவியை இயக்கும் கையேட்டை அந்தப் பெண்தான் எழுத வேண்டும்.

என் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கலா, என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேடையில் ஐந்து முகக் குத்துவிளக்கு. ஏற்றுவதற்கு ஐந்து சம்பந்திகளை நான் வரிசையில் நிறுத்தியிருந்தேன். மனைவி தீப்பெட்டியைக் கலாவிடம் நீட்டினாள்.

“அஞ்சையும் நீயே ஏத்திடும்மா. இவர் எண்ண ஆரம்பிச்சிடப் போறார்.”

இன்றும் எங்கள் வீட்டில் நான் ‘ஒண்ணு’ என்றால் போதும், எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள்.