பொந்தியான் மாப்பிள்ளையின் பதிவுத் திருமணம்

கோத்தா திங்கியில் இருக்கும் மைத்துனர் அய்யாவுவின் வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று திருச்செல்வம் சபதம் செய்து எட்டு வருடங்கள் ஆகியிருந்தன. குற்றம் சிறியதன்று. புதுமனை புகுவிழாவில், தங்கையின் கணவரான அவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார் அய்யாவு. அப்பளமும் தீர்ந்திருந்தது. பொந்தியான் அன்னாசித் தொழிற்சாலையையே ஆட்டிப் படைத்த மேற்பார்வையாளர், அப்பளமில்லாமல் எழுந்து கை கழுவினார். கையோடு உறவையும் கழுவினார்.

இப்போது மகள் லோஷினிக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் மாலையை எடுத்துக் கொடுப்பது யார்? அய்யாவு வர வேண்டுமானால், திருச்செல்வம் நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும். மனைவி கஸ்தூரி ஒருமுறை கேட்டாள், இருமுறை கேட்டாள். “உயிரே போனாலும் போகமாட்டேன்!” என்றார். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒருநாள் காலை, தேநீரை ஆற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“என்னங்க, லோஷினியும் அந்தத் தம்பியும் அடுத்த மாசம் கல்யாணத்தப் பதியப் போறாங்க. நம்ம கல்யாணத்த எப்பங்க பதிஞ்சோம்?”

திருச்செல்வம் யோசித்தார். தாலி கட்டியது நினைவிருந்தது. நாதஸ்வரக்காரர் தும்மியதுகூட நினைவிருந்தது. பதிந்தது மட்டும் நினைவில் இல்லை.

“நீ பதிஞ்சியா?”

“நான் மட்டும் தனியா எப்படிங்க பதிய முடியும்?”

“அலமாக்!” என்று பதறினார் திருச்செல்வம். “அப்ப நாம…”

“முப்பது வருசமா சும்மா ஒண்ணா இருக்கோம் போல.”

அவர் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினார். “மூச்சு விடாதே! நாளைக்கே போய்ப் பதிஞ்சிடலாம்.”

“போலாம். ஆனா நம்ம பேர அறிவிப்புப் பலகையில மூணு வாரம் ஒட்டி வைப்பாங்களாம். லோஷினி பேரு பக்கத்துலயே தொங்கும். சம்பந்தி வீட்ல பாத்தா சிரிப்பாங்க லா.”

சம்பந்தியாவது சிரிப்பதோடு விடுவார். திருச்செல்வத்தின் காப்பிக்கடைத் தோழர்களோ, காணாமற்போன பூனையைப் பற்றிய அறிவிப்பாயினும் நின்று உரக்க வாசிப்பவர்கள்.

“வேற ஊர்ல பதிஞ்சா?”

“அந்த வட்டாரத்துல ஒரு வாரமாவது குடியிருக்கணுமாம். நமக்கு யாரு இருக்கா? சிம்பாங் ரெங்கத்துல எங்க சித்தி இருக்காங்க. ஒரே ரூமு, பதினோரு பேரு.”

“வேற?”

“வேற யாருமே இல்லீங்க.”

திருச்செல்வம் தொண்டையைச் செருமினார். “கோத்தா திங்கி?”

“அய்யய்யோ! அந்த வீட்டுக்கா? வேணாங்க! உங்க மானம் என்ன ஆவறது?”

“என் மானத்த நான் பாத்துக்கறேன். கெளம்பு!”

“நீங்க சொல்றீங்கன்னு வர்றேன்,” என்று கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். துணிப்பை ஏற்கெனவே கட்டப்பட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

“வாங்க மாப்ள,” என்றார் அய்யாவு, கோத்தா திங்கி வீட்டு வாசலில் நின்று கூரையைப் பார்த்தபடி.

“வந்துட்டேன் மச்சான்,” என்றார் திருச்செல்வம், தரையைப் பார்த்தபடி.

அன்றைய சாப்பாட்டில் முதல் இலை அவருக்கே விழுந்தது. இலையில் அப்பளம் கோபுரமாக நின்றது. மறுநாள் ஆற்று இறால் குழம்பு மணத்தது. அதற்கடுத்த நாள் இருவரும் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தார்கள்.

“அன்னைக்கு அப்பளம் எனக்கே கெடைக்கல மாப்ள,” என்றார் அய்யாவு. “பூராவும் என் பொண்டாட்டி வீட்டு ஆளுங்க முடிச்சிட்டாங்க.”

“பொண்டாட்டி வீட்டு ஆளுங்களே அப்படித்தான் மச்சான்!” என்றார் திருச்செல்வம், யாரிடம் பேசுகிறோம் என்பதையே மறந்து. அய்யாவுவும் மறந்து, பலமாகத் தலையாட்டினார்.

வாரம் முடிவதற்குள் திருச்செல்வமே கடைக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கி வந்து, தட்டை நீட்டினார். “லோஷினிக்கு நீங்கதான் மாலை எடுத்துக் குடுக்கணும் மச்சான்.” அடுப்படியில் கஸ்தூரி கண்களைத் துடைத்துக்கொண்டாள். அங்கே வெங்காயம் எதுவும் இல்லை.

வாரம் முடிந்ததும், விஷயத்தைக் கேட்டறிந்த அய்யாவுவே காரோட்டிப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றார். முகப்பில் அமர்ந்திருந்த மலாய்க்கார அம்மையார், திருச்செல்வத்தின் அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டினார். அவருடைய புருவங்கள் உயர்ந்தன.

“என்சிக்,” என்று மரியாதையோடு அழைத்தார். “உங்களுக்கு ஏற்கெனவே திருமணமாகிவிட்டதே!”

அய்யாவு சட்டைக் கையை மடித்துவிட்டார். “யாருய்யா அவ?”

“மச்சான், சத்தியமா எனக்குத் தெரியாது!”

“கட்டுனவளத் தெரியாதா? எங்க வீட்ல ஒரு வாரம் இறால் தின்னுட்டு…”

“யாரா இருந்தாலும் நான் பாத்ததே இல்ல மச்சான்!”

அம்மையார் திரையைத் திருப்பிக் காட்டினார். “மனைவியின் பெயர் கஸ்தூரி. திருமண நாளன்றே கோயிலில் பதிவாகியிருக்கிறது. இருவரும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.”

அப்போதுதான் திருச்செல்வத்திற்கு மங்கலாக விளங்கியது. மணவறையை விட்டு இறங்கியதும் கோயில் அலுவலகத்தில் யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். பந்தி தொடங்கிவிட்ட பதற்றத்தில், மண்டப வாடகைக்கென்று எண்ணி அவரும் கிறுக்கியிருந்தார்.

அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவளோ கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“சான்றிதழ் தொலைந்துவிட்டதா? நகல் எடுத்துத் தரட்டுமா?” என்று அம்மையார் அவளைப் பரிவோடு கேட்டார்.

“வேணாம்மா,” என்றாள் கஸ்தூரி. “வீட்டு அலமாரியில பத்திரமா இருக்கு.”