அதிகாரபூர்வமாக வந்து சேராத மாப்பிள்ளை

இலுப்பூர் அருகிலிருந்து,
செவ்வாய்க்கிழமை, காலை 10.25 மணி.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சிவசாமி அவர்களுக்கு, ஆண்டிச்சாமி இருகரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் செவந்தியும், தங்கள் மகள் அன்புமொழியும், மாப்பிள்ளை எழிலரசனும் விராலிமலை முருகன் தயவில் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மா பொன்னுத்தாய் அவர்களும் கறவை மாடுகளும் சுகமாக இருக்க வேண்டும். தங்களுக்குச் சர்க்கரை குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கோபம் குறைந்திருக்கும் என்று நம்ப எனக்கு வழியில்லை. போனில் ஏழு தடவை கூப்பிட்டேன், ஏழு தடவையும் ஒரே பெண்மணி தாங்கள் பிசியாக இருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை மாலை 4.15க்கும் ஞாயிற்றுக்கிழமை காலை 8.50க்கும் கொடும்பாளூருக்கு நேரிலேயே வந்தேன். இரண்டு தடவையும் கேட் பூட்டியிருந்தது, உள்ளே டிவி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி தாளிக்கும் வாசமும் வந்தது. குற்றமாகச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன் நான், தாமதமாக வந்த வண்டிக்காரர்களிடம் காரணம் எழுதி வாங்குவதே என் உத்தியோகம். இப்போது நானே காரணம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். எழிலரசன் ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவன், வீட்டில் மூன்று மாதம் சும்மா இருந்தான், பிறகு சரக்குக் கப்பலுக்குத் துப்பாக்கியோடு காவல் போகும் வேலை என்று ஒரு கம்பெனியில் சேர்ந்து போனான். போன இரண்டாவது பயணத்திலேயே, ஆப்பிரிக்கப் பக்கம், என் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு நாட்டில், துப்பாக்கிகளுக்கு வைத்திருந்த அனுமதிச் சீட்டு காலாவதியாகிவிட்டது என்று கப்பலோடு எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்தில் நான் அறுபத்தொரு மனு எழுதினேன். ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது, எல்லாவற்றிலும் ‘தங்கள் மனு உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது’ என்றே இருந்தது. அந்த உரிய இடம் எது என்று கேட்டு எழுதிய மனுவும் உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது. அப்போதெல்லாம் எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று ஓர் அதிகாரிக்கும் தெரியாது. விடுதலைச் செய்தி டிவியில் வந்த மறுநாள் காலை 7.05க்கு ஆறு ஜீப்புகள் வழி கேட்காமலே வந்து நின்றன.

இனிமேல்தான் தங்களுக்குத் தெரியாதது. திருச்சி ஏர்போர்ட்டில் மாலை, மேளம், வாழ்த்துப் பலகை எல்லாம் வைத்துக்கொண்டு அதிகாரிகள் ஒரு வாசலில் நிற்க, எழிலரசன் இன்னொரு வாசல் வழியாக ஒரு துணிப்பையோடு வெளியே வந்திருக்கிறான். தன்னை அழைக்க ஆள் வரும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. டவுன் பஸ் ஏறி, அங்கிருந்து இலுப்பூர் வண்டி பிடித்து, இலுப்பூரிலிருந்து மினிபஸ்ஸில் வந்து இறங்கி, காலை 9.40க்கு வாசலில் நின்று, ‘அம்மா’ என்றான். செவந்தி கையில் இருந்த மாவுக் கரண்டியைக் கீழே போடாமல் அப்படியே அவனைக் கட்டிக்கொண்டாள், சட்டையெல்லாம் தோசை மாவு. அன்புமொழி அவன் கையில் இருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள், பிறகு அந்த அறையிலிருந்து அரைமணி நேரம் வெளியே வரவேயில்லை. பத்து மணிக்கு எங்கள் ஊர் வி.ஏ.ஓ. குணசேகரன் மூச்சிரைக்க ஓடிவந்தார். மேலிடத்தில் கடும் கோபம் என்றார். வரவேற்பு நடக்காததால், பதிவேட்டின்படி எழிலரசன் இன்னும் ஊர் திரும்பவில்லையாம். “ஐயா, அதிகாரபூர்வமா ஒங்க மகன் இன்னும் வரலைங்க. விழா முடியிற வரைக்கும் வெளிய தலையக் காட்டாம இருக்கச் சொல்லுங்க” என்றார். என் மகன் அவருக்கு முன்னால்தான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சம்பந்தி, இப்படித்தான் ஒன்பது நாள் போனது. முக்கியப் பிரமுகர் ஒருவர் கையால் பொன்னாடை போர்த்த வேண்டும், அவருக்குத் தேதி அமையவில்லை. திங்கட்கிழமை என்றார்கள், புதன் என்றார்கள், சனி என்றார்கள், அஷ்டமி என்றார்கள். அதுவரை எழிலரசன் தெருவில் நடமாடி யாராவது போட்டோ எடுத்துவிட்டால் விழாவின் மதிப்புப் போய்விடும் என்று, பாதுகாப்பு என்ற பெயரில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு காவலரை உட்கார வைத்தார்கள். நல்ல பிள்ளை, எங்கள் வீட்டு மோர்தான் குடித்தார். மூன்றாம் நாள் தாங்கள் பலகாரத் தூக்கோடு ஆசையாக வந்தபோது, ‘விழாவுக்கு வாங்க, அங்கிட்டுப் பாக்கலாம்’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர்தான். நான் அப்போது பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன், சோப்புத் தலையோடு ஓடிவருவதற்குள் தங்கள் வண்டி கிளம்பிவிட்டது. அதற்கு முதல் மன்னிப்பு.

ஆனால் அந்த ஒன்பது நாளில் நான் பார்த்ததைத் தங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. அவன் காலை ஐந்து மணிக்கு எழுந்து போர்வையைச் செங்கல் மாதிரி மடித்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவான். ஏனென்று கேட்டேன். அங்கே அந்த நேரத்தில் தலை எண்ணுவார்களாம். சோறு போட்டால் நாலு நிமிஷத்தில் தின்று தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான், கொல்லைக்குப் போகக்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். வி.ஏ.ஓ.வோ காலையும் மாலையும் ஒரு நோட்டுடன் வருவார், ஆள் வீட்டில் இருக்கிறார் என்று கையெழுத்து வாங்குவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் என் மகன் எழுந்து சுவரோரமாய்ப் போய் நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வான். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவன் நிற்கிற நிலையில்லை அது, எனக்கு வித்தியாசம் தெரியும். ஐந்தாம் நாள் தங்கள் மகள் நேராக வந்து அந்த நோட்டைப் பிடுங்கி மூடினாள். “சார், இவங்க வீட்டுக்கு வந்துருக்காங்களா, இன்னொரு ஜெயிலுக்கு மாறி வந்துருக்காங்களா? எனக்கு வெவரமாச் சொல்லுங்க” என்று கேட்டாள். குணசேகரன் மறுநாளிலிருந்து நோட்டை வாசலிலேயே வைத்து, காவலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை, அவரும் யாருக்கோ கணக்குக் காட்ட வேண்டியவர்.

எழிலரசன் அந்த நாட்களில் ஒரே ஒன்றுதான் கேட்டான். “அப்பா, நான் ஒரு எடத்துக்குப் போகணும். ஒரு நாள் போதும், போயிட்டு வந்துர்றேன்” என்பான். எந்த இடம் என்றால் சொல்ல மாட்டான். முடி இறக்கும் நேர்த்திக்கடனாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்பது தடவையாவது கேட்டிருப்பான். ‘விழா முடியட்டும்பா’ என்று நானும் ஒன்பது தடவை சொன்னேன். அதிகாரிகளோடு சேர்ந்து நானும் ஒரு காவலராக இருந்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். எழிலரசனை அதிகாலையிலேயே காரில் ஏற்றி, விராலிமலை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தி வைத்து, பிரமுகர் வந்ததும் திறந்த ஜீப்பில் அப்போதுதான் வந்து இறங்குவது போலக் கூட்டிவருவது என்று திட்டம். ராணுவ உடுப்புப் போடச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவன் போடக்கூடாது சார் என்றான். தொப்பியாவது என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றான், ஒன்பது நாளில் அவன் வாயிலிருந்து மாட்டேன் என்று வந்தது அதுதான் முதல் தடவை, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பிரமுகர் பத்து மணிக்கு வர வேண்டியவர், வந்தது 1.20க்கு. மூன்று மணி நேரம் இருபது நிமிஷம். அதிகாலையிலிருந்தே கண்ணாடி ஏற்றிய காருக்குள் அவன். பதினொன்றரைக்கு டிரைவரிடம் அனுமதி கேட்டு ஒண்ணுக்குப் போக இறங்கியிருக்கிறான். புதுக்கோட்டை பஸ் ஒன்று வந்து நின்றிருக்கிறது. ஏறிவிட்டான்.

இங்கே பந்தலில் நடந்தது தங்களுக்குத் தெரியும், தாங்கள் வெயில் பக்கத்து நாற்காலியில் இருந்தீர்கள். பிரமுகருக்கு இருந்ததோ பதினொரு நிமிஷம். ஆளைக் காணோம் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஓர் அதிகாரி என் முதுகில் கைவைத்துத் தள்ளினார், நான் மேடையில் இருந்தேன். அறுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் புரை. பிரமுகர் என்னைத் தழுவிக்கொண்டு, ‘வீரத் திருமகனே, சிறை உன்னை ரொம்பவும் உருக்கிவிட்டதப்பா’ என்று மைக்கில் சொல்லிக் கண் கலங்கினார். மறுக்க வாயைத் திறந்தேன், பொன்னாடை வாயை மூடிவிட்டது. மறுநாள் பேப்பரில் என் படம், ‘தாயகம் திரும்பிய கப்பல் காவலர்’. தாங்கள் மாப்பிள்ளைக்காகக் கொண்டுவந்த வேட்டி சட்டைத் தட்டை அவருடைய உதவியாளர் பிரமுகருக்கு வந்த மரியாதை என்று வாங்கிக் காரில் வைத்துக்கொண்டார். ‘மாப்பிள்ளைக்குப் பதிலா சம்பந்தியே உள்ள இருந்துட்டு வந்தாராக்கும்’ என்று சொல்லிவிட்டுத் தாங்கள் எழுந்து போனது நியாயம். ஆனால் தங்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று சொன்னது மட்டும் நியாயமில்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவன் போனது மீமிசலுக்கு. புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறான். அந்தக் கப்பலில் சமையல் வேலை பார்த்த இருளாண்டி என்பவரும் இவர்களோடுதான் உள்ளே இருந்தார். விடுதலைப் பட்டியல் வந்தபோது அதில் இருளாண்டி இல்லை, இருளப்பன் என்று இருந்தது. இருளப்பன் என்று யாரும் இல்லாததால் அந்தப் பெயருக்கு ஆளை விடவில்லை, இருளாண்டி உள்ளேயே நின்றுவிட்டார். ‘ஊருக்குப் போனதும் மொத வேலையா எங்க வீட்டுல ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே’ என்று கேட்டிருக்கிறார், இவன் கையடித்துக் கொடுத்திருக்கிறான். அவர் கொடுத்த போன் நம்பரோ உபயோகத்தில் இல்லை. உள்ளே இருப்பவர்களைப் பற்றி விழா முடிகிற வரை யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று முதல் நாளே ஓர் அதிகாரி இவனிடம் சொல்லியிருக்கிறார். பதினான்கு மாதமாகச் சொன்னதைக் கேட்டுப் பழகியவன், பெற்ற என்னிடம்கூடச் சொல்லவில்லை.

இருளாண்டியின் மனைவி அமராவதி, கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறவர். அந்தச் சிறையில் அப்படிப் பெயருள்ளவர் யாரும் இல்லை என்று நாலு மாதத்துக்கு முன்பு அவருக்கு ஒரு காகிதம் வந்திருக்கிறது. சனங்கள் எல்லாம் ஆள் செத்துவிட்டதாகவே பேசி முடிக்க, நெற்றிப் பொட்டை மட்டும் அழிக்காமல் அந்த அம்மா தனியாக இருந்திருக்கிறார். இவன் போய் நின்று, இருளாண்டி உயிரோடு இருக்கிறார், நான் அவரோடு ஒரே அறையில் இருந்தேன் என்றதும், அவர் அழவில்லையாம். “சாப்புடுறாங்களா?” என்றாராம். அவர்தான்மா எங்க எல்லாருக்கும் சமைச்சுப் போடுறாரு என்று இவன் சொல்லியிருக்கிறான். “அங்கயுமா” என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை 11.40க்கு அவன் திரும்பி வந்தான், கூடவே அமராவதியம்மாவையும் அழைத்து வந்தான். சம்பந்தி, அன்று அவன் சோறு தின்ன இருபத்தைந்து நிமிஷம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுசோறும் கேட்டான். மறுநாள் எட்டு மணிக்கும் எழுந்திருக்கவில்லை, அன்புமொழி யாரையும் அந்தப் பக்கம் நடக்கவிடவில்லை. காவலரும் பிளாஸ்டிக் நாற்காலியும் போய்விட்டார்கள். நேற்று இரண்டு காகிதங்கள் வந்தன. விழாவுக்கு வராததற்கு விளக்கம் கேட்டு மகனுக்கு ஒன்று, தகுதியில்லாமல் பெற்ற பொன்னாடையைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி எனக்கு ஒன்று.

ஆகவே சம்பந்தி அவர்களே, நடந்ததில் மாப்பிள்ளை பேரில் தவறில்லை, எல்லாத் தாமதமும் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தை அடியோடு விட்டுவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாவோடு விருந்துக்கு வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டை விட்டு ஓரடி நகர மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. நானும் இந்த மனு எழுதும் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். அரசாங்கத்தோடு நமக்கு இனி ஒரு பேச்சும் இல்லை. மிச்சமிருக்கிற காலத்தை நிம்மதியாக ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் செவந்தியின் விசாரிப்பும். தங்கள் வீட்டில் பாலும் சொல்லும் என்றும் புளிக்காமல் இருக்க முருகன் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய
ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: மணி 12.50. உறையை ஒட்டப்போகும்போது அன்புமொழி வாங்கிப் படித்துவிட்டு, ‘மாமா, இத இப்படியே அனுப்பாதீங்க’ என்றாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். இருளாண்டியின் பள்ளிச் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் எடுக்க எல்லோரும் மீமிசல் போகிறோம், மாப்பிள்ளைதான் முன்னால் போகிறார். முழுக்குப் போட்டுவிட்டதாக மேலே எழுதியது பொய், இருளாண்டியின் பெயரைத் திருத்தக் கேட்டு அறுபத்திரண்டாவது மனுவை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இந்தத் தடவை தபாலில் இல்லை, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நேரில் கொடுக்கிறோம். தாங்கள் அன்று காலை 9.10க்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட வேண்டும் என்று தங்கள் மகள் சொல்கிறாள். எனக்குக் குரல் எழும்பாது, எழிலரசன் அதிகாரிகளைக் கண்டால் இன்னும் கையைக் கட்டிக்கொள்கிறான், அமராவதியம்மாவுக்கு அவர்கள் முன்னால் பேச்சு வராது. எங்களிடம் சத்தம் போட ஆள் இல்லை. மேலே கோபத்தை விடச் சொல்லி எழுதியதை அடித்துவிடுங்கள் சம்பந்தி. ஒரு பொட்டுக் குறையாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.