எனக்கும் ஒன்று, என் மகளுக்கும் ஒன்று

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் சொல்லை இதுவரை தட்டியறியாத, தட்டத் தைரியமும் இல்லாத தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அத்தான் நலமா என்பதை, நீ போனை அவரிடம் கொடுக்கும் நாளில் கேட்டுக்கொள்கிறேன்.

பதினாறு முடிந்தும் உன் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, மாதவிலக்கு வரவில்லையே என்று போனில் புலம்பிய நீ, "இதெல்லாம் அவ அம்மா வீட்டுச் சீக்குடா" என்று தீர்ப்பும் சொன்னாய் அல்லவா? போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதை அணைக்கும் பொத்தானை நான் தேடிப் பிடிப்பதற்குள், பிள்ளை குள்ளமாக இருக்கும் பேச்சுக்கும் நீ போய்விட்டாய். அன்றிலிருந்து மகள் அறையைவிட்டு வெளியே வரவில்லை, அவள் அம்மா என்னோடு பேசவில்லை. நீ அனுப்பிய கசப்பு மருந்தை இருவரும் தொடாததால், வீணாக்குவானேன் என்று நானே குடித்து, கடையைத் திறக்க முடியாத நிலைக்கு ஆளானேன்.

கடைசியில் டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார், இரத்தத்தைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பினார். எக்ஸ் என்றொரு குரோமோசோம் பெண்களுக்கு இரண்டு இருக்குமாம், இவளுக்கு ஒன்றுதானாம், அதனால்தான் சினைப்பை சரியாக வளரவில்லையாம், உயரமும் குறைவாம், ஹார்மோன் மாத்திரை தொடர்ந்து கொடுத்தால் மாதவிலக்கு வருமாம், இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். ஓடாத மோட்டார் எது கடைக்கு வந்தாலும் "கடைசியா கைவச்சது யாரு?" என்று கேட்டே பழகிய வாய் எனக்கு. அங்கேயும் கேட்டுவிட்டேன்.

"யாரும் இல்லைங்க. கரு உருவாகும்போது தானா நடக்கறது. யார் மேலயும் தப்பில்ல" என்றார்.

நான் விடுவேனா? "என்கிட்ட இருக்கற ரெண்டுல ஒண்ண எடுத்து அவளுக்கு வச்சிடுங்க" என்று சட்டைக் கையை மடித்தேன்.

"உங்ககிட்ட இருக்கறதே ஒண்ணுதாங்க. ஆம்பளைங்களுக்கு அவ்வளவுதான்."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். "ஒண்ண வச்சுக்கிட்டே அப்பா இவ்ளோ பேசறாரு. நான் பொழச்சுக்குவேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அக்கா. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஆகவே அடுத்த வாரம் வருவதாகச் சொன்ன நீ இங்கே வர வேண்டாம். வந்தால் பேசுவாய், பேசினால் பிள்ளை மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள். இதில் எந்த வீட்டுப் பக்கமும் குற்றமில்லை. கோபப்படாமல் தூரத்தில் இருந்தே எங்களை ஆசீர்வதிக்கவும். அத்தானுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பயத்துடன்,
உன் தம்பி

பி.கு.: இதைப் படித்த என் மனைவி, ஒரு விஷயத்தை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டதாகச் சொல்கிறாள். பெரும்பாலும் விட்டுப்போவது அப்பாவிடமிருந்து வர வேண்டிய எக்ஸ்தான் என்றும் டாக்டரம்மா சொன்னார். அதாவது, நம் வீட்டுப் பக்கம். யார் மேலும் தப்பில்லை என்பது உனக்கும் பொருந்தும் என்று அவளே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள். மகளும் படித்தாள். வர வேண்டாம் என்று எழுதியதை அவளே அடிக்கச் சொன்னாள், எனக்குத்தான் மறுபடி எழுதச் சோம்பல். நீ வா. "அத்தை வரட்டும்பா. என்னப் பத்தி இனிமே என்கிட்டயே கேக்கட்டும்" என்கிறாள்.