எந்தப் பருவத்திலும் செல்லாத மனு

கொண்டல்நாடு என்றொரு நாடு இருந்ததாம். அந்நாட்டு மக்களுக்கு மழை வந்தால் மனம் சோரும். வெயில் வந்தால் மூக்கின்மேல் கோபம் வரும். எந்த ஊரில்தான் வராது? ஆனால் அங்கே அதை அமைச்சரவை கூடிக் கண்டுபிடித்தது.

“மழையில் அழுதவன் தையில் அழவில்லை, அரசே! ஆகவே குறை ஆட்சியில் இல்லை, பருவத்தில் இருக்கிறது” என்றார் தலைமை அமைச்சர்.

உடனே சட்டம் பிறந்தது. மழைக்கால மனு மனச்சோர்வில் எழுதியது, செல்லாது. கோடை மனு கோபத்தில் எழுதியது, அதுவும் செல்லாது.

வருகிற மனுக்களில் ‘பருவக் கோளாறு’ என்று முத்திரை குத்துவது செங்கோடனின் வேலை. கால் காசு என்றாலும் அரண்மனைக் காசு என்று மாமனார் மெச்சிப் பெண் கொடுத்த உத்தியோகம்.

ஐப்பசியில் அங்கம்மாள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். ஏரிக்கரையடியில் அவள் குடிசை.

“சாமி, கரை விரிஞ்சு கெடக்கு. கை உள்ள போவுது. ஆள் விட்டு அடைக்கச் சொல்லுங்க.”

செங்கோடனும் தினம் அந்த வழியாகத்தான் வருகிறான். அந்த விரிசலில் தன் கையையும் விட்டுப் பார்த்திருக்கிறான். இருந்தும் முத்திரையைக் குத்தினான்.

“மழைக்காலம்மா. தையில வா.”

தையில் வந்தாள். அறுவடைக் களிப்பில் குறை சொல்பவர் பொய்யர் என்று அதற்குள் சட்டத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. சித்திரையிலும் வந்தாள். “வெயில்ல கோவம் வர்றது சகஜந்தான்” என்று அவளிடம் சொன்னான். அவளோ கோபமாகவே இல்லை. குழந்தைக்கு முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள். செங்கோடனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கை குத்திவிட்டது.

அடுத்த ஐப்பசியில் கரை உடைந்தது. ஏரி குடிசைகளுக்குள் புகுந்தது.

“மக்கள் துயரத்தில் இருக்கிறார்கள். இந்த மனநிலையில் வாக்களிப்பது அவர்கள் உடல்நலத்துக்கு ஆகாது. இம்மாத அமைச்சரவைத் தேர்தல் அறுவடைக்குப் பிறகு நடக்கும்” என்று தலைமை அமைச்சர் அறிவித்தார். மன்னர் மட்டும் மேடையேறி அழுதார். அரசக் கண்ணீருக்குப் பருவம் கிடையாதாம்.

மறுநாள் அங்கம்மாள் வந்தாள். கையில் மனு இல்லை. இடுப்பில் குழந்தையும் இல்லை.

செங்கோடன் வெட்கத்தோடு முத்திரையை மேசைக்கடியில் மறைத்தான்.

“பயப்படாதீங்க சாமி, கரையைப் பத்திக் கேக்க வரல. எம்புள்ளைக்காக அழணும். எந்த மாசம் அழுதா செல்லும்?”

அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது செங்கோடனுக்கு. ஆனால் அவன் சட்டப் புத்தகத்தை எடுத்து, அவளுக்கென்று ஒரு மாதம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினான்.