தலைமறைவான ஷோபன்

குளிக்கப் போன குற்றாலிங்கம், துண்டும் தோளுமாக நடுவீட்டில் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து அறையில் மகள் முத்துச்செல்வி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஷோபன்தாட்டி உசுரு. மத்தவங்க எல்லாம் மேடையில நின்னு கத்துத மாதிரி இருக்கும். ஷோபன் மட்டும் காதுக்குள்ள வந்து பேசுத மாதிரி இருக்கும். ஆமா ஷஹானா, பாவம், எப்பவும் இருமலு. ஊரை விட்டுப் போனவரு, திரும்ப வரவே முடியல."

குற்றாலிங்கத்துக்கு வியர்த்தது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மேலகரத்தில் அந்த நேரத்தில் வியர்த்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

"அடுத்து லிஸ்ட் இருக்கு" என்று மகள் தொடர்ந்தாள். "அவரைப் பாத்தா பொண்ணுங்க மயங்கியே விழுவாங்களாம்."

ஒருத்தன் இல்லை, ஒரு லிஸ்டே இருக்கிறது!

குற்றாலிங்கம் போன வருஷம்தான் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். வேலை போனாலும் விசாரணைப் புத்தி போகவில்லை. பால் ஏன் தண்ணியாக இருக்கிறது என்பதற்குப் பசு மாடு வரைக்கும் போய் விசாரித்தவர் அவர். தன்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இரண்டு விஷயம். ஒன்று, பிடித்த குற்றவாளியை விட்டதில்லை. இன்னொன்று, கொடுத்த வாக்கை மாற்றினதில்லை. முதல் விஷயத்தை அவர் மனைவி உமாராணி நம்புவதில்லை. இரண்டாவதை நம்புவாள்.

அந்த உமாராணி அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உம் மவ ஒரு மலையாளத்தான்கிட்ட மாட்டிக்கிட்டா."

"யாரு சொன்னா?"

"எங்காதால கேட்டேன். பேரு ஷோபன். ஆளு சீக்காளி. ஊரை விட்டு ஓடிட்டான், திரும்ப முடியலையாம். அப்படீன்னா என்ன அர்த்தம்? தலைமறைவு! கேஸ் இருக்கு!"

"அவகிட்டயே கேட்டுப்புடுங்களேன்."

"சந்தேகம் வந்தா நேரடியா கேக்கப்புடாது. ஆளு உஷாராயிருவா. ஞாயித்துக்கெழம கடையத்துக்காரங்க பொண்ணு பாக்க வருதாங்க. அதுக்குள்ள இந்த ஷோபனைப் பிடிச்சு, ரெண்டு தட்டு தட்டி அனுப்பிரணும்."

வீரமாகப் பேசினாரே தவிர, உள்ளுக்குள் நொந்து போயிருந்தார். கடையத்துச் சம்பந்தம் போனாலும் போகட்டும். ஒரே மகள். செருப்பு வாங்கினால்கூட அப்பாவிடம் நிறம் கேட்பவள். அவள் இவ்வளவு பெரிய விஷயத்தைத் தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் அவருக்கு வலித்தது.

முத்துச்செல்வி பி.காம். முடித்துவிட்டு தென்காசியில் கீபோர்டு படித்துக்கொண்டிருந்தாள். மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஏதோ பரீட்சை வருகிறது என்று அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அன்று அவள் வகுப்புக்குக் கிளம்பியதும் அவள் அறையைச் சோதனை போட்டார். மேஜை மேல் தலையணை மாதிரி ஓர் ஆங்கிலப் புத்தகம். திறந்தார். தலைப்பைக் கூட்டிப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 'ஏர்லி ரொமான்டிக்.'

"பாத்தியா! ரொமான்டிக்காம்!"

உமாராணி எட்டிப் பார்த்தாள். "ஏர்லின்னுல்லா போட்டிருக்கு? ஆரம்பந்தான். தடுத்திரலாம்."

ஷோபனின் கடிதம் ஏதாவது இருக்குமா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். கிடைக்கவில்லை. நீள மூக்குக்காரர் ஒருவரின் படம் மட்டும் இருந்தது. கீழே 'சோப்பின்' என்று போட்டிருந்தது. சோப்புக் கம்பெனிக்காரன் போல என்று நினைத்துப் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் மகளைப் பின்தொடர்ந்தார். வகுப்பு ஜன்னலுக்கு அடியில், குடையை விரித்தால் தெரிந்துவிடும் என்று மடக்கி வைத்துக்கொண்டு, சாரலில் நின்றார். உள்ளே வாத்தியார் குரல் கேட்டது.

"பகனினி பிசாசுக்கு ஆத்மாவை வித்துட்டாருன்னு ஊரே பயந்துது."

குற்றாலிங்கம் ஜன்னலை விட்டு ஓரடி தள்ளி நின்றார். மலையாளத்தான், அதோடு மந்திரவாதம்! பகவதிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தபோது எதிர் வீட்டு அம்மாள் ஒருத்தி வந்து நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைக படிக்கிற ஜன்னலுக்குக் கீழ நிக்கீங்க?"

"அது... குத்தாலத்து அருவியில கூட்டமா இருக்கு. அதான் இங்கன நனையுதேன்."

சட்டை பேன்ட்டோடு குளிக்கிற மனிதரை அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். அவள் யாரையாவது கூப்பிடுவதற்குள் குற்றாலிங்கம் நடையைக் கட்டினார். வீடு வரும்போது தும்மல் பிடித்துக்கொண்டது.

இனி தனியாக முடியாது என்று தெரிந்தது. ஆரியங்காவில் சசிதரன் இருக்கிறார். கேரள போலீசில் இருந்து ஓய்வு பெற்று டீக்கடை போட்டிருப்பவர், பழைய சிநேகம். குற்றாலிங்கம் கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் நின்று, அணிவகுப்பில் பழகிய குரலில், ரகசியமாகப் பேசினார்.

"பேரு ஷோபன்! சீக்காளி, ஒல்லியாத்தான் இருப்பான்! இருமல் உண்டு! கூட்டாளி பேரு லிஸ்ட்டு! மந்திரவாதத் தொடர்பும் இருக்கு! பிடிச்சு ஞாயித்துக்கெழமைக்குள்ள எங்க வீட்டுக்கு அனுப்பி வையும். யாருக்கும் தெரியப்புடாது!"

அடுப்படி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முத்துச்செல்வி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் கேட் திறந்தது. வீட்டு நாய் டைகர் பால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும், தபால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும், சில நாள் குற்றாலிங்கத்தைப் பார்த்தே குரைக்கும். அன்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் குடையை மடக்கினான்.

"வணக்கம் சார். ஷோபனைத் தேடுதீங்களாமே? நான்தான்."

சசிதரன் கெட்டிக்காரர்தான் என்று குற்றாலிங்கம் வியந்து முடிப்பதற்குள் போன் அடித்தது. கடையத்துக்காரர்கள். மத்தளம்பாறை தாண்டிவிட்டார்களாம். இவனை உள்ளே வைத்துக்கொண்டு அவர்களை எப்படி வரவேற்பது? இவனை வெளியே விட்டால் நேராக அவர்கள் கார் முன்னாலேயே போய் நிற்பானே!

"பொண்ணுக்குக் காய்ச்சல். நீங்க வராதீங்க" என்றார்.

"அதனால என்ன, வந்து பாத்துட்டுப் போறோம்."

"ஒட்டுத காய்ச்சல்."

கார் அந்த இடத்திலேயே திரும்பிவிட்டது. இனிமேல் அந்தப் பக்கத்திலிருந்து எந்தக் காரும் வராது என்பது அவர்கள் போனை வைத்த வேகத்திலேயே தெரிந்தது.

குற்றாலிங்கம் பையனை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இருமல் உண்டா?"

பையன் இருமிக் காட்டினான். "லேசா உண்டு சார்."

"லிஸ்ட்டுங்கவன் யாரு?"

"அவரு பெரிய ஆளு சார். நான் நேர்ல பாத்ததில்ல."

"ஏட்டி செல்வி! இங்க வா! இவன் யாருன்னு சொல்லு!"

முத்துச்செல்வி வந்தாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே போய் அந்தத் தலையணைப் புத்தகத்தை எடுத்து வந்து, நீள மூக்குக்காரரின் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"அப்பா, நான் சொன்ன ஷோபன் இவரு. போலந்துல பொறந்து பாரீஸ்ல இருந்தவரு. பியானோவுக்குப் பாட்டு எழுதுனவரு. செத்து நூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சு."

"இது சோப்பின்லா?"

"எழுதுறது அப்படி. படிக்கது ஷோபன். லிஸ்ட்டும் பகனினியும் இதே மாதிரி ஆளுங்கதான். ரொமான்டிக்குங்கது ஒரு காலத்துக்குப் பேருப்பா."

உமாராணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குற்றாலிங்கத்துக்கு மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. மானம் போனதுகூட உறைக்கவில்லை. மகள் எதையும் மறைக்கவில்லை! அப்புறம்தான் நாற்காலியில் இருந்த பையனின் நினைவு வந்தது.

"அப்ப நீங்க யாரு தம்பி?"

"தேடுதீங்கன்னு கேள்விப்பட்டேன் சார். வந்துட்டேன். வீடு செங்கோட்டை. தென்காசியில பேங்க்ல வேலை."

"தமிழ்ப் பிள்ளையா? பேரு மட்டும் ஷோபனா?"

"பிரியமானவங்க வச்ச பேரு சார்."

ஒரு பாவமும் அறியாத பையனைப் போலீசை விட்டுத் தூக்கி வரச் செய்துவிட்டோமே என்று குற்றாலிங்கம் கூசிப்போனார். சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். கடையத்துக்காரர்களுக்குச் செய்த கேசரியும் பஜ்ஜியும் பையனுக்குப் போயின. முத்துச்செல்வி அவனுக்குச் சீனி போடாத காப்பி கொண்டு வந்து வைத்தாள், அவன் கேட்கவேயில்லை. அப்பா கேட்டுக்கொண்டதால் கீபோர்டில் அந்த ஷோபனின் பாட்டு ஒன்றையும் வாசித்தாள். பையன் பக்கத்தில் நின்று சரியான இடத்தில் நோட்ஸ் பக்கத்தைத் திருப்பிவிட்டான். பேங்க்கில் காகிதம் புரட்டிப் பழகிய கை என்று குற்றாலிங்கம் மெச்சிக்கொண்டார்.

பாட்டு முடிந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் என் சட்டையைப் பிடிச்சிருப்பான். உங்களை மாதிரி பொறுமையான பையன் வந்து கேட்டா, எம் மவளைக் கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன்."

பையன் டம்ளரைக் கீழே வைத்தான். "வாக்கு மாற மாட்டீங்களே சார்?"

"குற்றாலிங்கம் சொன்னா சொன்னதுதான். இந்தா, இவகிட்ட கேளுங்க."

"மாற மாட்டாரு" என்றாள் உமாராணி.

போன் அடித்தது. சசிதரன்.

"ஓய், நீரு சரியான ஆளுவே!" என்று குற்றாலிங்கம் முழங்கினார். "பையன் வந்துட்டான். தங்கமான பையன்!"

"எந்த பையன்? ஆரியங்காவு தொட்டு புனலூர் வரை தேடியாச்சு, ஒல்லியா ஒரு ஷோபனும் கிடைக்கலை. அது சொல்லத்தான் விளிச்சேன். நான் ஒருத்தரையும் அனுப்பலையே, சாரே!"