ஸ்காட்லாந்து தாயாதி

"அங்கேயே நில்லு பூபாலா! உள்ளே கொண்டு வராதே!"

பர்வதம் போட்ட சத்தத்தில், கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த சம்பந்தி வீட்டார் மூன்று பேரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

தபால்காரர் பூபாலன் கேட்டுக்கு வெளியே நின்றபடி, ஒரு கனமான உறையை இரண்டு விரலால் நுனியில் பிடித்துக்கொண்டிருந்தார். பழுப்பு உறை. நான்கு ஓரத்திலும் அரை அங்குலத்துக்குக் கருப்பு.

கருப்பு ஓரம் போட்ட கடிதம் என்றால் திருக்கழுக்குன்றத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சாவுச் செய்தி. வாசலில் நின்றே படிக்க வேண்டும். படித்ததும் கிழித்துப் போட வேண்டும். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைக்க வேண்டும்.

"யாருக்கு வந்திருக்கு?" என்றாள் கல்யாணி மாமி. மாப்பிள்ளை ஹர்ஷவர்தனின் அம்மா.

"சாருக்குத்தாம்மா. ஃபாரின் ஸ்டாம்பு ஒட்டிக் கீது."

வெங்கடராகவன் எழுந்து வாசலுக்குப் போனார். ஊதா மையில் குண்டு குண்டாக எழுதிய விலாசத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சாகவில்லை. உள்ளே இருப்பது ஒரு கேசட்.

அவர் மாமல்லபுரத்தில் ஒரு வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணி கவுன்டரில் இருந்தார். போன வருஷம், தொண்ணூற்றெட்டில், டிராவலர்ஸ் செக் மாற்ற வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் கவுன்டரில் ஒரு கேசட்டை மறந்துவிட்டுப் போனாள். அட்டையில் கையால் வரைந்த இரண்டு கம்பளிக் கையுறைகள். உள்ளே பேனாவால் '37/100' என்று எழுதியிருந்தது. ஒரு வாரம் பத்திரமாக வைத்திருந்தார். அவள் வரவில்லை. எட்டாம் நாள் வாக்மேனில் போட்டுக் கேட்டார்.

பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பது போல அத்தனை மெல்லிய குரலில் ஒரு பெண் பாடினாள். ஒரு கிடார். ஒரு சின்ன மணி. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்ததைப் பற்றி ஒரு பாட்டு. மழையில் நின்றுபோன சைக்கிளைப் பற்றி ஒரு பாட்டு. காதலித்தவன் பஸ் ஏறிப் போனதைப் பற்றி ஒரு பாட்டு. அதையும் சைக்கிளைப் பற்றிப் பாடிய அதே குரலில். இருபத்தெட்டு வருஷம் கவுன்டர் சத்தத்தில் காது தடித்துப்போன மனிதர், வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அட்டையின் பின்புறம் கம்பெனி விலாசம் இருந்தது. கிளாஸ்கோவில் ஒரு தெரு, மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு. எழுதிப் போட்டார். பதில் வந்தது. கம்பெனி என்பது மோராக் என்ற ஒரு பெண்மணி, அவளுடைய சமையலறை மேஜை, ஒரு கத்தரிக்கோல். 'டூ மிட்டன்ஸ்', அதாவது 'இரண்டு கையுறைகள்' என்ற அந்தப் பாட்டுக் குழுவில் மொத்தம் இரண்டு பேர். ஒருத்தி மோராக்கின் தங்கை. நூறு கேசட்தான் போடுவார்கள். நூறும் போனால் சந்தோஷம், போகாவிட்டால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார்கள். கடிதத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. அதில் இதே மாதிரி சமையலறைக் கம்பெனிகள்: ஸ்வீடனில் ஒன்று, ஜப்பானில் ஒன்று. அவற்றுக்கும் எழுதினார். வரைபடத்தில் இல்லாத தீவுகளைக் கண்டுபிடித்தவர் போல நடமாடினார்.

பர்வதத்துக்கு அது பிடிக்கவில்லை.

"அம்பத்திரண்டு வயசுல காதுல வயரை மாட்டிண்டு தனக்குத் தானே சிரிச்சிண்டிருக்கேள். பொண்ணு பார்க்க வரவா என்ன நெனைப்பா? அம்மு கல்யாணம் முடியற வரைக்கும் இந்தக் குழந்தைப் பாட்டெல்லாம் வேண்டாம்."

"விட்டுட்டேன்" என்றார். மொட்டை மாடிக்கு மாறினார். சாயங்காலங்களில் தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்து கேட்பார். அது தெரிந்தவள் மகள் அம்மு ஒருத்திதான். பள்ளிக்கூட டீச்சர். சில நாள் மாடிக்கு வந்து எதிரே நிற்பாள். ஏதோ சொல்வாள். அவர் தலையாட்டுவார். இறங்கிப் போய்விடுவாள். காட்டிக்கொடுக்காத பெண் என்று அவருக்கு மனம் நிறைந்துபோகும்.

இப்போது வாசலில், அவருக்குப் பின்னால் பர்வதம், பர்வதத்துக்குப் பின்னால் கல்யாணி மாமி.

"யாருன்னா?"

"சேஷு."

"எந்த சேஷு?"

"ஸ்காட்லாந்து சேஷு. பெரிய தாத்தா வழி. தாயாதி."

"இருபத்தாறு வருஷத்துல அப்படி ஒருத்தரைப் பத்தி நீங்க சொன்னதே இல்லையே!"

"பேச்சுவார்த்தை இல்லை."

"எப்போ போனாராம்?" என்றாள் மாமி.

"நேத்து."

"நேத்து போனவருக்கு இன்னிக்கு ஸ்காட்லாந்துலேர்ந்து கடுதாசா?"

"ஏர் மெயில்."

"ஏன் இவ்வளவு கனமா இருக்கு?"

"விவரமா எழுதியிருக்கா."

மாமி விரலை மடக்கினாள். "தாயாதின்னா பத்து நாள் தீட்டு. ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம் எட்டாம் நாள்ல வரது. தள்ளித்தான் வைக்கணும்."

"கிழிச்சுப் போடுங்கோ" என்றாள் பர்வதம்.

வெங்கடராகவன் திரும்பி நின்று, உறையை இடுப்பு வேட்டிக்குள் செருகிக்கொண்டு, சட்டைப் பையில் இருந்த டெலிபோன் பில்லை நான்காகக் கிழித்தார். பூபாலன் அதைப் பார்த்தார். சைக்கிளில் ஏறினார்.

கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பர்வதம் புலம்பினாள். "ஒரு மாசம் கழிச்சுத் தெரிஞ்சிருந்தாக்கூட தீட்டு மூணு நாளோட போயிருக்கும். இந்த ஏர் மெயிலைக் கண்டுபிடிச்சவன் நன்னா இருப்பானா?"

அம்மு மட்டும் அன்றைக்கு இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"விரல்ல என்னம்மா கருப்பு?"

"ரெக்கார்ட் நோட்டுக்குப் படம் போட்டேம்பா."

மூன்று வாரம் கழித்துச் சம்பந்தி வீட்டார் புதுத் தேதி குறித்துக்கொண்டு வந்தார்கள். பதினொரு மணிக்கு சைக்கிள் மணி அடித்தது.

"சார்... மறுபடியும் கருப்பு."

இந்தத் தடவை ஸ்வீடன். வெங்கடராகவன் தயாராக இருந்தார். சாஸ்திரிகளிடம் பேச்சுவாக்கில் எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

"அம்மாஞ்சி" என்றார் கம்பீரமாக. "அம்மா வழி. ஒன்றரை நாள்தான். அதுவும் போய் ஒரு மாசம் ஆச்சு. குளிச்சா முடிஞ்சது."

"எந்த அம்மாஞ்சி?" என்றாள் பர்வதம்.

அதை அவர் யோசித்து வைக்கவில்லை. அவருடைய மாமா பிள்ளைகள் நான்கு பேர். மூன்று பேர் கருங்குழியில் எல்லோருக்கும் தெரிய இருக்கிறவர்கள். மிச்சம், அறுபத்தொன்றில் வீட்டை விட்டு ஓடிப்போனவன்.

"பட்டு."

"ஐயோ, கிடைச்சுட்டாரா!"

"கிடைச்சு, போயிட்டான்."

பர்வதம் கருங்குழிக்கு போன் செய்ததை அவர் தடுக்க முடியவில்லை; ஈர வேட்டியோடு கிணற்றடியில் இருந்தார். நாலு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. பதினொரு பேர் இறங்கினார்கள். பட்டுவின் அக்கா அலமேலு அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தெட்டு வருஷம்டா வெங்குட்டு. எங்கேயோ நன்னா இருக்கான்னு நெனைச்சிண்டிருந்தேன். ஸ்வீடன்ல குளிருமாடா?"

"குளிரும்க்கா."

"அவனுக்குக் குளிர் ஆகவே ஆகாதே."

அந்தப் பாட்டுகளில் கூட இத்தனை மெதுவாக யாரும் சொன்னதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கல்யாணி மாமி செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஒன்றரை நாள் சரி. பதினொரு பேர் அழுதுண்டிருக்கற வீட்டுல தட்டு மாத்த முடியுமா? அடுத்த மாசம் பார்க்கலாம்."

அன்றைக்கே வெங்கடராகவன் மூன்று தேசத்துக்கும் எழுதினார். பாட்டு சோகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக உறைக்குக் கருப்பு அடிக்க வேண்டாம். எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம். என் பெண்ணின் கல்யாணம் இரண்டு தடவை நின்றுவிட்டது.

பதில் வருவதற்குள் மூன்றாவது உறை வந்தது. சம்பந்தி வீட்டார் அப்போதுதான் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பூபாலன் கேட்டருகே வந்து நின்றார். உறையை உயர்த்திக் காட்டினார்.

"எந்த ஊரு?" என்றாள் மாமி.

"ஜப்பான்மா."

"எனக்கு ஜப்பான்ல யாருமே இல்லை!" என்று கத்தினார் வெங்கடராகவன்.

"இப்போ இல்லைதான்" என்றாள் மாமி. "ஹர்ஷா, வண்டியை எடு. இந்த வீட்டுல சம்பந்தம் பண்ணிண்டா அடுத்தது நம்ம பேருக்குத்தான் கடுதாசு வரும்."

இடம் கலைந்தது. பர்வதம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெங்கடராகவன் வாக்மேனை எடுத்துப் பரணில் போட்டார். ஒரே பெண். நல்ல இடம். அதைப் பாட்டுக்குக் காவு கொடுத்துவிட்டோம் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கருங்குழிக்குப் போய் அலமேலுவிடம், "பட்டு இல்லைக்கா, அது வேற யாரோ" என்று சொல்லி, கன்னத்தில் ஒரு அறையும், உடனே ஒரு டம்ளர் மோரும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இரண்டு வாரம் கழித்து மோராக்கின் பதில் வந்தது. பழுப்பு உறை. ஓரத்தில் கருப்பு இல்லை. இடது மூலையில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த ஒரு சின்னக் குருவி இருந்தது.

வாசலில் நின்றே படித்தார். 'உங்கள் கடிதம் எங்களைக் கலங்க வைத்தது. ஆனால் நாங்கள் கருப்பு அடித்ததே இல்லை. எப்போதும் இதே பழுப்பு உறைதான். மூலையில் குருவி வரைவது என் தங்கையின் வேலை. உங்களுக்கு வந்த உறைகளில் குருவி இல்லையா?'

மாடிக்குப் போனார். தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மூன்று உறைகளில் முதலாவதை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் நனைத்து, மூலையைத் தேய்த்தார். கருப்பு கரைந்து விரலில் ஒட்டியது. அதன் அடியில் குருவி இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்குக் கேட்டருகே காத்திருந்தார். உறையை நீட்டினார்.

"பூபாலா, இந்தக் கருப்பை யார் அடிச்சது?"

"இன்னா சார், இப்டி கேட்டா..."

"சொல்லு."

பூபாலன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். "நம்ம அம்மு பாப்பாதான் சார். ஸ்கூல் வாசல்ல வாங்கி ஸ்கெச் பேனாவால கோடு போடும். 'மாப்ள வூட்டுக்காரங்க வர்ற அன்னிக்குக் குடுங்கண்ணே'ன்னு திருப்பிக் குடுக்கும். என் பொண்ணு ஜெனிஃபருக்கு டீச்சர் சார் அது. நான் எப்டி மாட்டேன்றது?"

வெங்கடராகவன் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த இடம் பிடிக்கலைன்னா பெத்த அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லிச்சாமே சார். மாடிக்கு வந்து மூணு வாட்டி சொல்லிச்சாம். நீங்கதான் காதுல வயர மாட்டிகினு, சிரிச்சிகினே நல்லா தலைய ஆட்டுனீங்களாம்."