ஜெனோவாவில் இரண்டு நாற்காலி

சான் ஹோசேயில் அவர்கள் குடியிருக்கும் தெருவில் கிட்டுசாமிக்கு, பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நடக்கிறவர் என்று ஒரு பெயர் உண்டு. இது அபாண்டம். வசந்தாமணி அவரிடம் எதையும் சொல்வதே கிடையாது. செய்து முடித்துவிடுவாள். அப்புறம் கேட்டு நடப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

அதனால்தான் அந்த நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டே, கண்ணாடியில் தெரிந்த ஆளிடம் கிட்டுசாமி ஒரு சபதம் செய்தார். வீடு, வாசல், சோபா, சாம்பார் எல்லாம் அவள் இஷ்டம். ஜெனோவா மட்டும் என் இஷ்டம். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

விஷயம் இது. வருகிற வைகாசியோடு அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். இத்தனை வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் தனியாக ஓர் ஊருக்குப் போனதில்லை. தேனிலவு என்று ஊட்டிக்குப் போன வேனில் கிட்டுசாமியின் அம்மாவும் இரண்டு பெரியம்மாக்களும் வந்தார்கள். இடம் பற்றாமல் ஒரு சித்தப்பா பையனை மடியில் உட்கார வைத்தார்கள். யார் மடியில்? புது மாப்பிள்ளை மடியில்தான். அமெரிக்கா வந்த பிறகு நயாகராவுக்கு அடுத்த வீட்டு சேனாபதி குடும்பம் கூடவே வந்தது. யோசெமிட்டிக்கு, ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவரும் பாட்லக் கோஷ்டியே வந்தது. அருவியைப் பார்த்ததைவிட அவர் புளியோதரைப் பாத்திரத்தைச் சுமந்ததுதான் அதிகம்.

போன ஆடி மாதத்தில் ஒருநாள், ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு இன்டர்நெட்டில் மேய்ந்துகொண்டிருந்தபோது அந்தப் படம் அகப்பட்டது. இத்தாலியில் ஜெனோவா என்ற பழைய துறைமுக ஊர். மேட்டில் ஒரு மாளிகை. எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் வியாபாரி கட்டியது, இப்போது ஹோட்டல். அதில் ஒரு பால்கனி. எதிரே கலங்கரை விளக்கமும் கடலும். பால்கனியில் இரும்பு நாற்காலிகள் இரண்டு. மூன்றாவது நாற்காலி போட இடமே இல்லை. கிட்டுசாமி கடலைப் பார்த்து மயங்கவில்லை, அந்த இட நெருக்கடியைப் பார்த்துத்தான் மயங்கினார். ஊரும் தோதாக இருந்தது. வெனிஸ் என்றால் படகில் ஏறியதுமே பக்கத்து ஊர் சான்டா கிளாராக்காரர் யாராவது தோளைத் தட்டி, எந்த கம்பெனி என்று கேட்பார். ஜெனோவாவில் அந்தத் தொல்லை இருக்காது.

ஆசைப்பட்டதை வசந்தாமணியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சாண்டியாகோ காலேஜில் படிக்கும் மகள் தென்றலும் போனில் அதையேதான் சொன்னாள்.

"அப்பா, ஜஸ்ட் ஆஸ்க் ஹர்."

"உங்கம்மாவப் பத்தி உனக்குத் தெரியாது கண்ணு."

"டூ யூ?" என்றாள் தென்றல்.

கிட்டுசாமி அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தவில்லை. அவரிடம் ஓர் ஆராய்ச்சி முடிவு இருந்தது. அவர் சாம்பல் நிற சோபாவைப் புகழ்ந்தார், பழுப்பு நிறம் வந்தது. ஃப்ரீமான்ட்டைப் புகழ்ந்தார், சான் ஹோசேயில் வீடு வாங்கினார்கள். ஆகவே, தான் புகழ்வது எதுவும் வீடு வந்து சேராது. அப்படியானால் வேண்டாததைப் புகழ்ந்தால் வேண்டியது தானாக வரும். இருபது வருஷம் சிப் டிசைன் செய்த மூளைக்கு இது எம்மாத்திரம்? அந்த வாரம் பார்த்து அவருடைய சட்டைகள் எல்லாம் துவைத்து மடித்து அலமாரியில் இருந்தன. அதையும் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

வேண்டாத ஹோட்டலாக, ஜெனோவா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தைத் தேடிப் பிடித்தார். ஜன்னலைத் திறந்தால் கார் பார்க்கிங். பல் தேய்த்த கையோடு சமையலறைக்கு வந்தார்.

"மணி, வைகாசிக்கு நாம இத்தாலி போலாம். ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ஹோட்டல் பாத்து வெச்சிருக்கேன். ரூமுக்குள்ளயே மைக்ரோவேவ் இருக்குது பாரு."

வசந்தாமணி தோசைக்கல்லைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "அப்படீங்களா? நல்லதாப் போச்சுங்க. அதையே போட்டுருங்க."

கிட்டுசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு அவசரம்? வேற எடமும் இருக்குது. கடல் பாத்தாப்ல, பால்கனியோட ஒண்ணு. ஆனா அது பழைய கட்டடம். எனக்கு அவ்வளவாப் புடிக்கல."

"உங்களுக்குப் புடிக்கலீன்னா நமக்கு எதுக்குங்க அது?"

"உனக்குப் புடிச்சிருந்தாச் சொல்லு. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"உப்புக் காத்து மேலுக்கு ஆகாதுங்க. நீங்க சொன்னா ரோசன பண்ணித்தான் சொல்லுவீங்க."

திருமணமான நாள் முதல் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. வந்த நேரத்தைப் பாருங்கள். மருந்தின் அளவு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கிட்டுசாமி அடுத்த வாரம் முழுக்க ஸ்டேஷன் ஹோட்டலை இன்னும் பலமாகப் புகழ்ந்தார்.

"ராத்திரியெல்லாம் ரயில் சத்தம் கேட்டுட்டே இருக்குமாம் மணி. எனக்கு அது தாலாட்டு மாதிரி."

"எனக்குந்தானுங்க. பொள்ளாச்சியில எங்க வூடே தண்டவாளத்துக்குப் பக்கந்தான."

"ஜன்னல்ல கார் பார்க்கிங்தான் தெரியும்."

"விதவிதமாக் கார் பாக்கலாமுங்க."

கடைசியில் அவள் கண் முன்னாலேயே லேப்டாப்பில் ஸ்டேஷன் ஹோட்டலைப் பதிவு செய்யவேண்டியதாயிற்று. பின்னால் ரத்து பண்ணிக்கொள்ளலாம் என்ற வசதி மட்டும் இல்லாவிட்டால் கிட்டுசாமி அன்றைக்கே அழுதிருப்பார்.

அப்போதுதான் அவருக்கு அடுத்த யோசனை வந்தது. புருஷன் சொன்னால் ஒரு மாதிரி, வெளி ஆள் சொன்னால் வேறு மாதிரி. அடுத்த வீட்டு சேனாபதியை வசந்தாமணி அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், மரியாதையும் உண்டு. வேலிப் பக்கமாக அவரைப் பிடித்து, காபி குடிக்க வருகிற சாக்கில் கடல் ஹோட்டலைப் பற்றிப் பேச்சுவாக்கில் நாலு வார்த்தை போடச் சொன்னார். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. அதுதான் பிசகு.

சேனாபதி வந்தார். காபி குடித்தார். அவியலும் சாப்பிட்டார். பிறகு பள்ளிக்கூடப் பையன் மனப்பாடம் ஒப்பிக்கிற தோரணையில் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, ஜெனோவால கடல் பக்கமா தங்கறது ரொம்ப நல்லதாம்."

"யாருங்கண்ணா சொன்னாங்க?"

சேனாபதி கிட்டுசாமியைப் பார்த்தார். கிட்டுசாமி மேற்கூரையைப் பார்த்தார்.

"பொதுவாச் சொல்லிக்கறாங்க," என்றார் சேனாபதி. பிறகு சொந்தமாக யோசிக்கத் தொடங்கினார். ஆபத்து அங்கேதான். "அது சரி, நீங்க எப்பப் போறீங்க? மே மாசமா? எனக்கும் லீவு கெடக்குது. எங்க வூட்டுக்காரி ரக்ஷாவும் இத்தாலி இத்தாலின்னுட்டே இருக்கா. ஒட்டுக்காவே போயிரலாமே. நயாகரா மாதிரி."

"பேஷாப் போலாமுங்க," என்றாள் வசந்தாமணி. "ஸ்டேஷன் ஹோட்டல்ல பக்கத்து ரூமே கெடைக்கும். ஏனுங்க, நான் சொல்றது சரிதானுங்க?"

கிட்டுசாமி தலையாட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினோம் என்பது அவருக்கே தெரியவில்லை. சேனாபதி போன பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் கண்ணுக்குள் ஜெனோவா கடல் தெரிந்தது. கடலுக்கு முன்னால் சேனாபதியின் முதுகு தெரிந்தது. பின்னணியில் புளியோதரை மணந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்தும் ஊட்டி வேன் அவரை விடாமல் துரத்திக்கொண்டு வந்துவிட்டது.

மெல்லச் சமையலறைக்குப் போனார். வசந்தாமணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மணி, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க."

"சேனாபதி வர வேண்டாம்."

"அவரக் கூப்பிட்டது யாருங்க?"

"நாந்தான். அந்த ஸ்டேஷன் ஹோட்டலும் வேண்டாம். நான் சொன்னதெல்லாம் பொய்யி. எனக்குக் கடல் ஹோட்டல்தான் வேணும். அந்த பால்கனியில ரெண்டே ரெண்டு சேர் இருக்குது. ஒண்ணுல நீ உக்காரோணும், ஒண்ணுல நான் உக்காரோணும். வேற ஒருத்தரும் வேண்டாம். நாம ரெண்டு பேரு மட்டும்."

கத்தி நின்றது. வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். அந்த வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாப்பிள்ளை மடியில் இருந்த பையனை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்த புதுப்பெண் ஒரு நிமிஷம் அந்த முகத்தில் வந்து போனாள். வந்தவள் வெகுநேரம் தங்கவில்லை.

"நீங்க இவ்வளவு ஆசப்படறப்ப நான் எப்படிங்க வேண்டாங்கறது," என்றாள். "ஆனா எனக்கும் ரெண்டு விசயம் ஆகோணும்."

"கேளு." ஆனந்தத்தில் இருந்தார் கிட்டுசாமி. ராஜ்யத்தில் பாதியைக் கேட்டாலும் கொடுத்திருப்பார்.

"கராஜ்ல இருக்கற ட்ரெட்மில் போகோணுமுங்க. குளுரு வந்துருச்சு, என்ற கருவேப்பிலத் தொட்டிய உள்ள எடுத்து வெக்கோணும்."

"அது நான் ஓடற மெஷினு மணி."

"கடைசியா எப்பங்க ஓடுனீங்க?"

கிட்டுசாமி யோசித்தார். அதில் அவர் சட்டைதான் காயும், அவர் ஏறியதாக ஞாபகம் இல்லை. "சரி, போகட்டும். அடுத்தது?"

"சின்ன ரைஸ் குக்கரு நம்மகூட வரோணும்."

"இத்தாலிக்கா? அந்த மாளிகைக்குள்ள உக்காந்து அரிசிம்பருப்பு சாதமா?"

"கடலப் பாத்துட்டே சாப்படலாமுங்க."

கிட்டுசாமி கண்ணை மூடினார். இரண்டு நாற்காலி தெரிந்தது. நடுவில் குக்கர் ஆவிவிட்டது. பரவாயில்லை, சேனாபதியைவிடக் குக்கர் சிறியது. "சரி," என்றார்.

வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "ரக்ஷா, அண்ணா இத்தாலி போலாமுன்னு சொல்லிட்டிருந்தாரு. அது எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுங்க. நாங்க ரெண்டு பேரு மட்டும் போலாமுன்னு இருக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"ஐயோ அக்கா, ஸோ ஸ்வீட். நடுவுல நாங்க எதுக்கு? இவருக்கு நான் சொல்லிக்கறேன்," என்றது போன்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதர் இத்தனை நாள் மூளையைக் கசக்கியும் ஆகாத காரியத்தை அவள் உண்மையைச் சொல்லியே முடித்துவிட்டாள். இப்படியும் ஒரு வழி இருப்பது கிட்டுசாமிக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் மனம் மாறுவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஹாலுக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தார். ஆடியிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து ரசித்தாரே தவிர, தேதியைப் போட்டுப் பார்த்தவரில்லை. இப்போது போட்டார். அந்த பால்கனி அறை அந்த வாரம் முழுக்க காலியில்லை என்றது திரை. மறுபடி போட்டார். மறுபடியும் அதையே சொன்னது.

வசந்தாமணி காபியோடு வந்தபோது அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "போச்சு மணி. எவனோ புண்ணியவான் அந்த ரூமப் புடிச்சுட்டான்."

"எவனோ இல்லீங்க. நாமதான்."

"நாமளா?"

"புள்ளையார் சதுர்த்தியன்னைக்கு நீங்க கிரிக்கெட் பாத்துட்டு இருந்தீங்க. போனுல பேங்க்காரன் நம்பர் அனுப்பியிருப்பான், சித்த படிங்கன்னு சொன்னனுங்க. படிச்சீங்க. அப்பவே ரூமு நம்முளுது ஆயிருச்சு."

"எதுக்குன்னு நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "லேப்டாப்பத் தொறந்து வெச்சுட்டே தூங்கிருவீங்க. ஆடியில இருந்து அந்த ரெண்டு சேரையும் நானும்தான் பாத்துட்டு இருக்கறேன். எனக்கும் புடிச்சுதுங்க. ஆனா நாம ரெண்டு பேரு மட்டும்னு உங்க வாயால ஒருக்காச் சொல்லுவீங்களான்னு காத்துட்டு இருந்தேன். நீங்க என்னடான்னா மைக்ரோவேவப் பத்திப் பேசறீங்க."

கிட்டுசாமிக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். காபி ஆறியது. அதன் பிறகுதான் அவருக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டார்.

"மணி, ரூமு ஏற்கெனவே நம்முளுதுன்னா, ட்ரெட்மில்ல நான் எதுக்கு விட்டுக் கொடுத்தேன்?"

"பேசுனது பேசுனதுதானுங்க," என்று சொல்லிவிட்டு அவள் பீன்ஸைப் பார்க்கப் போனாள்.

விடக்கூடாது, ட்ரெட்மில்லையாவது காப்பாற்ற வேண்டும் என்று கிட்டுசாமி கராஜ் கதவைத் திறந்தார். ட்ரெட்மில் இருந்த இடத்தில் கருவேப்பிலைத் தொட்டி இருந்தது. அந்த இடத்துக்குப் பழகி ஒரு வாரத்துக்கு மேல் ஆனதைப்போலப் புதுத் தளிர்கூட விட்டிருந்தது. பக்கத்தில் பயணப் பெட்டி ஒன்று வாயைத் திறந்து கிடந்தது. உள்ளே துண்டில் சுற்றிய சின்ன ரைஸ் குக்கர். ட்ரெட்மில்லில் காயவேண்டிய சட்டைகள் அலமாரியில் மடித்து வைத்திருந்ததற்கு அர்த்தம் இப்போது விளங்கியது.

ஹாலுக்குத் திரும்பி வந்து ஆறிய காபியைக் குடித்தார். என்ன இருந்தாலும் இரண்டு நாற்காலி நிச்சயம். இனிமேலாவது கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையில் போன் ஒலித்தது.

"ஏனுங்க," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது, "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சித்த படிங்க."

முழு நம்பரையும் கணீரென்று படித்து முடித்த பிறகுதான், எதற்கு என்று கேட்டிருக்கலாமே என்று கிட்டுசாமிக்குத் தோன்றியது.